குறிப்பு என்ற நிரல்

காலை எட்டரைக்கு
மழைமானியின் புனலைக் கழற்றி
உள்ளே நின்ற தண்ணீரை
அளவுக் குவளையில் வார்த்து
குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து
எழுதினேன்:
நூற்று நாற்பத்திரண்டு தசம் ஆறு.

பதினேழு வருசமாய் இதுதான் உத்தியோகம்.
திருநெல்வேலியில் நான் அளக்கிற மழையைத்தான்
கொழும்பு றேடியோ நாட்டுக்குச் சொல்கிறது.

முதல் நாள் பகல் இரண்டு மணிக்கே
பாஷையூர்ச் சங்கத்துக்கு எடுத்துச் சொல்லியிருந்தேன்:
தாழமுக்கம் கிட்டுகிறது, ஒருவரும் இறங்க வேண்டாம்.
மூன்று மணிக்குப் பிலேந்திரன் இறங்கினான்.
"காத்து கொண்டலாய்த்தான் நிக்குது, மெற்றில்டாக்கா.
வலை கடலுக்கை கிடக்கு.
அது போனால் சீட்டுக்காசுக்கு எங்கை போறது?"
போனில் சிரித்தான். பின்னால் மோட்டர் இரைந்தது.

மூன்றாம் நாள்
மண்டைதீவுக் கரையில் படகு ஒதுங்கியது,
கவிழ்ந்தபடி.

அதே மழை
புன்னாலைக்கட்டுவனில் எட்டுப் பரப்பு வெங்காயத்தை அழுகடித்தது.
அதே மழை
எங்கள் கிணற்றின் உப்பைத் தணித்தது.
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு
தேத்தண்ணி தேத்தண்ணியாய் ருசித்தது.
குடித்தேன்.
வெட்கத்தோடு இரண்டாம் கோப்பையும்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு
முதல் வாசகம் நான்தான் வாசிக்கவேணும் என்று
ஜெசிந்தா வந்து நின்றாள்.
பாதர் மூன்று பகுதி குறித்துக் கொடுத்திருந்தார்,
இளைப்பாறுதல் பற்றி, கண்ணீர் துடைக்கப்படுவது பற்றி.
அவள் அந்தத் துண்டை மடித்து வைத்துவிட்டு
யோபுவைத் திறந்து
நகத்தால் கீறிக் காட்டினாள்,
புயலுக்குள் நின்று கடவுள் கேள்வி கேட்கிற இடத்தை.

"ஏன் பிள்ளை இது?"

"ஆறுதல் சொல்லுற ஆக்கள் எல்லாரும் வந்திட்டுப் போட்டினம்.
இவர் ஒராள்தான்
ஆறுதல் சொல்லேல்லை."

வாசித்தேன்.
பிறந்த கடலுக்கு முகிலால் சட்டை போட்டது யார் என்று.
கதவும் தாழ்ப்பாளும் வைத்து
அலையே, உன் திமிர் இந்த இடத்தோடு சரி என்றது யார் என்று.
கடைசி வாங்குகளில் இருந்த ஆம்பிளைகள்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
கடலுக்கு எல்லை போட்டவன் என்றால்
அவர்களுக்கு முதலில் நேவிதான் ஞாபகம் வரும்.

உறைபனியைச் சேர்த்துவைத்த களஞ்சியத்துக்குள்
நீ போயிருக்கிறாயா என்ற கேள்விக்கு
குருநகர் ஐஸ் கொம்பனி என் கண்ணில் வந்தது.
சாக்கோடு கட்டியைத் தோளில் ஏற்றிப்
பிலேந்திரன் வெளியே வருகிறான்.
முதுகால் வழிகிறது தண்ணி.

மழைக்குத் தகப்பன் ஆர்?

அந்த இடத்தில்
தகரக் கூரையில் விழத் தொடங்கியது.
என்னையறியாமல் மனம் கணக்குப் போட்டது:
மணிக்கு நாலு மில்லிமீற்றர், கூடினால் ஐந்து.
பனித்துளியின் பிறப்பை எழுதித் தா,
மின்னலைக் கூப்பிடு, வந்து நிற்கிறதா பார்
என்று கேட்கிறவருக்கு முன்னால்
நாலு, ஐந்து என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.
மைக் கரகரத்தது. குரல் எடுபடவில்லை.
புத்தகத்தை மூடப் போனேன்.

முன் வாங்கில் இருந்து
ஜெசிந்தா கையை உயர்த்தினாள்:
சத்தமாய்.
இன்னும் சத்தமாய்.

மழையோடு மழையாய்க் கத்தினேன்
அந்த அதிகாரம் முழுவதையும்,
காட்டு ஆடு ஈனும் நாள்வரை, காகக் குஞ்சின் பசிவரை.
ஒரு கேள்விக்கும் அங்கே பதில் இல்லை.
அவள் மட்டும்
யாரோ கடைசியில் தன்னோடு கதைத்தமாதிரி
நிமிர்ந்து இருந்தாள்.

மறுநாள் எட்டரைக்கு:
ஆறு தசம் இரண்டு.
காற்று, வாடை.
கடைசி நிரலுக்குப் பெயர் குறிப்பு.
பனிமூட்டம் என்றோ தூறல் என்றோ எழுதுவேன்,
அநேகமாய் ஒரு கோடு இழுத்துவிடுவேன்.
அன்று எழுதினேன்:
கேட்கப்பட்டது.

பத்து மணிக்குக் கொழும்பில் இருந்து போன்.
"மிஸ், கேட்டது என்ன?
இடியா?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

"ஓம் சேர்" என்றேன்.
"இடிதான்."