எழுந்து போக விரும்புகிறவர்கள்

நாளெல்லாம் என் வேலை
பிறர் வாயைத் திறக்கச் சொல்வது.
லோகன் நகரத்துப் பல் மருத்துவமனையில்
பதினோரு வருடம்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ.
காரையைச் சுரண்டும்போது
யாராலும் பொய் சொல்ல முடியாது,
உண்மையும்தான்.

இரவு இன்யாக்கி கேட்கிறான்:
கோயிலுக்குள் உனக்கு வைத்த பெயர் என்ன?
பாஸ்க் ஆட்டுக்காரர்களின் பேரன், பாய்ஸிக்காரன்.
அவன் வீட்டில் ரகசியம் என்றால்
மாமாவின் கடன், அவ்வளவுதான்.
எல்லாம் அச்சிலேயே வந்துவிட்டதே, ஜெனீல்,
கைகளை எப்படிப் பிடிப்பீர்கள் என்பதுகூட.
நீ சபையை விட்டு ஆறு வருடமாயிற்று,
காப்பி குடிக்கிறாய்,
ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வரை தூங்குகிறாய்.

சரிதான்.
ஊரறிந்த ரகசியத்துக்கு
நான் எதற்குக் காவல்?
சத்தியம் வாங்கியவர் இருக்கிறார் என்றே நம்பவில்லை.
கடன் கொடுத்தவனே இல்லையென்றால்
பத்திரம் என்ன ஆகும்,
வக்கீல்களைக் கேட்கலாம்.
இந்த ஊரில் அவர்களும் பாதிப்பேர் சபைக்காரர்கள்.

அன்று எனக்கு இருபத்தொன்று.
கல்யாணத்துக்கு மூன்று நாள்.
வெள்ளை உடை, வாடகைக்கு எடுத்தது,
கக்கத்தில் இறுக்கியது.
இந்த வாக்குறுதிகளை ஏற்க விரும்பாதவர்கள்
இப்போதே எழுந்து போகலாம் என்றது ஒரு குரல்.
என்ன வாக்குறுதி என்று அது சொல்லவில்லை.
இந்தப் பக்கம் அம்மா.
அந்தப் பக்கம் வருங்கால மாமியார்.
முந்நூறு பேருக்குக் கேக் சொல்லியாயிற்று.
யாரும் எழவில்லை.
ஏதோ ஒரு நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது;
அது என்னுடையதாக இருந்திருக்கலாம்.

பிறகு ஒருத்தி குனிந்து
காதில் அதைச் சொன்னாள்.
அவள் மூச்சில் பெப்பர்மின்ட்.

அம்மா காலத்தில் சத்தியத்தோடு
கழுத்தருகே ஒரு விரலும் போகுமாம்.
என் காலத்துக்குள் அதை நீக்கிவிட்டார்கள்.
விரலை நீக்கினார்கள்.
தொண்டையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இன்யாக்கி விளக்கை அணைத்தான்.
இருட்டில் சொல், என்றான்.
முதல் எழுத்துக்கு உதடு குவிந்தது.
முத்தமென்று நினைத்துக்கொண்டான்.

உயிர்த்தெழும் காலையில்
தெய்ன் அந்தப் பெயரைச் சொல்லித்தான்
கல்லறையிலிருந்து என்னை அழைப்பான்
என்று நம்பியிருந்தோம்.
என் பெயர் அவனுக்குத் தெரியும்.
அவன் பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
அப்போது இதை அழகென்று நினைத்தேன்.
விவாகரத்தில்
லாரி, பனிச்சறுக்கு வண்டி, நாய்
எல்லாம் பிரித்தார்கள்.
பெயரை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

அப்புறம் இது:
அன்று வந்த பெண்களுக்கெல்லாம்
ஒரே பெயர்தான் என்று கேள்விப்பட்டேன்.
மளிகைக் கடையில், உறைந்த பட்டாணி அருகே,
மெர்லீனைப் பார்த்தேன்.
அதே நாள் உள்ளே போனவள். அவளும் விலகிவிட்டாள்.
உன்னுடையதும்... என்றேன்.
உன்னுடையதும்... என்றாள்.
இருவர் கையிலும் பட்டாணி இளகிக்கொண்டிருந்தது.
இருவரும் சொல்லாததால்
இன்றுவரை தெரியாது.

போன மாதம் தெய்ன் வந்தான்,
கடைவாயில் ஈறு வீக்கம்.
வேறு ஆளில்லை, நான்தான் பார்த்தேன்.
அவனும் வெளியேறிவிட்டானாம்.
பஞ்சை எடுத்ததும் சொன்னான்:
போகடெல்லோவில் ஒரு பாரில்
எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நடித்தே காட்டினேன்,
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
உன் பெயரை மட்டும் சொல்லவில்லை.
ஏன் என்று கேட்டேன்.
மரத்துப்போன உதட்டோடு
ஏதோ சொன்னான், புரியவில்லை.
கொப்பளியுங்கள் என்றேன்.

நேற்று கார் கழுவும் இடத்தில்
நீலத் தூரிகைகள் நாலு பக்கமும் மூடியபோது
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
ஒரே ஒரு முறை.
இடி எதுவும் விழவில்லை.
சோப்பு நுரை வழிந்தது.
அப்படியொன்றும் அழகான பெயர்கூட இல்லை.
சொல்லி முடித்ததும்
ஜன்னல் முழுக்க ஏறியிருக்கிறதா என்று
விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.