இனிப்புநீர், உப்புநீர்

காலை ஏழரைக்குத் தெலுக் பஹாங் துறையில்
பாக் ஹாஷிம் வலையை உதறுகிறார்.
இறால் ஒன்றரைக் கூடை. மத்தி கொஞ்சம்.
மீதியெல்லாம் சொறி.
"இன்றைக்கும் உன் பிள்ளைகள்தான் அதிகம்"
சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொல்கிறார்.
போன வருஷம்வரை திட்டிக்கொண்டே கடலில் கொட்டியவர்.
இப்போது வாளிக்கு ஐந்து வெள்ளி.
ரசீதில் கையெழுத்து என்னுடையது:
ம. செண்பகவல்லி, ஆய்வுக்கூட உதவியாளர், தரம் பத்தொன்பது.

மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பு இல்லை.
பள்ளிப்பிள்ளைகள் வரும்போது
டாக்டர் ஊய் இதிலிருந்துதான் தொடங்குவார்.
எவனாவது ஒருவன் பக்கத்திலிருப்பவனைச் சுட்டிக் காட்டுவான்,
சிரிப்பு அடங்க நேரமாகும்.
நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தபடி எண்ணிக்கொள்வேன்,
இத்தனை இல்லைகளோடு
ஐம்பது கோடி ஆண்டு.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தண்ணீர்.
எங்கள் பிழைப்பு மிச்ச ஐந்தில்.
விழுதுகளை வெட்டி, உப்பு போக அலசி,
குளிர் அறையில் மூன்று நாள்
காடியில் ஊறப்போட வேண்டும்.
(காடி என்றால் கார்தானே அக்கா என்கிறான்
சுங்கை பட்டாணியிலிருந்து வந்த புதுப்பையன்.)
கரைந்து, வடிந்து, உறைந்து, உலர்ந்து
கடைசியில் கிடைப்பது கொலாஜன்,
வெள்ளையாய் ஒரு பஞ்சு.
பத்து வாளிக் கடல்
உள்ளங்கையில் அப்பளத்துண்டு கனம்கூட இல்லை.

புண்ணின்மேல் வைத்தால்
தோல் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்,
பந்தல் கண்ட அவரைக்கொடி.
நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்.
எலியிலும் பார்த்தேன். எலி எண் பதினொன்று, எட்டாம் நாள்,
இளஞ்சிவப்பில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது.

வீட்டில் குணாளனின் இடது கால்.
பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்குப்
பதினெட்டு வருஷம் கிளட்ச் மிதித்த கால்.
இனிப்புநீர்.
கட்டைவிரலுக்குக் கீழே இருபது காசு அகலத்தில்
ஐந்து மாதமாய் மூடாத ஒரு வாய்.
"உங்க கூடத்துல காயுறதுல
ஒரு துண்டு கொண்டாயேன், செம்பா."
முதல் தடவை விளையாட்டாகத்தான் கேட்டான்.

ஒரு வியாழக்கிழமை என் கைப்பையில் அது இருந்தது.
மாதிரி எண் நாற்பத்தேழு.
நூற்றொன்றாம் எண் பேருந்து
பத்து பெரிங்கி வளைவில் சாயும்போதெல்லாம்
பையை நெஞ்சோடு அணைத்தேன், திருடியைப் போல.
போல என்ன.
கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பையன்
காலைத் தூக்கிக்கொண்டு கத்தினான்.
யாரோ புட்டியோடு ஓடினார்கள்.
அப்போதுதான் நினைவு வந்தது,
எனக்கு எப்போதோ தெரிந்திருந்ததுதான்:
செத்துக் காய்ந்து கரையில் கிடந்தாலும்
ஒரு கொட்டும் உயிரணு விழித்திருக்கலாம்.
நாற்பத்தேழை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை.
எலி பதினொன்றுக்கு வைத்தது முப்பத்திரண்டு.

இரவு முழுக்க அது
குளிர்ப்பெட்டியில் தேங்காய்த் துவையலுக்குப் பக்கத்தில் கிடந்தது.
மறுநாள் பதிவேட்டில் எழுதினேன்:
"47. வெளியே எடுக்கப்பட்டது. எடுத்தவர் நான். கழிவு."
டாக்டர் ஊய் படித்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டிக்கொண்டார்.
"மனிதர்களுக்கு வர இன்னும் எத்தனை வருஷம்?" என்றேன்.
"பணம் வந்தால் எட்டு."
வராவிட்டால் என்று நான் கேட்கவில்லை.
குளிர் அறைச் சாவியை
அவர் என்னிடமிருந்து வாங்கவும் இல்லை.

வெந்நீர் ஆறிவிட்டது. உப்புப் போட்டிருக்கிறேன்.
தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்கிறேன்.
உப்புநீர் புண்ணுக்குள் இறங்குகிறது,
அவனுக்குத் தெரியவில்லை.
அந்தப் பாதத்துக்கு வலி எப்போதோ போய்விட்டது.
தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்கிறான்:
"வெட்டுறப்ப
அதுக்கு வலிக்குமா, செம்பா?"

எங்கள் படிவத்தில் எடை உண்டு, விட்டம் உண்டு,
பிடித்த இடம், நேரம், கடலின் சூடு உண்டு.
காலைத் துடைத்து
விரலிடுக்குகளை ஒவ்வொன்றாய் ஒற்றி எடுக்கிறேன்.