உறையாதது

தாடையைப் பெருவிரலால் அழுத்தினேன்.
அமுங்கியது.
எலும்பு அமுங்கக் கூடாது.

"மொகம் நல்லா உருண்டு வருகுண்ணுதான் நெனச்சோம் டாக்டரே.
இறச்சிக்கடை ஏசுவடியான்கூடக் கேட்டாரு,
கெடாய வெலைக்குத் தாறியாண்ணு."
களியல் மருந்தகத்தின் தகர மேசைமேல்
குட்டியைப் பிடித்தபடி விஜிலாபாய்.
அவள் விரல்களில் காய்ந்த றப்பர்ப்பால்
தோல்தோலாக உரிந்துகொண்டிருந்தது.

நாமக்கல்லில் படிக்கையில்
ஃபார்மலின் சாடிக்குள் பார்த்த தாடை.
பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.
சுண்ணாம்பு வடிந்த இடத்தில் நார் குடியேறும்;
எலும்பு தேயத் தேய
முகம் கொழுக்கும்.
பதினாறு வருடத்தில்
சூடுள்ள ஒன்றைத் தொடுவது
இப்போதுதான்.

"என்ன தீனி?"
"தவிடு.
மரச்சீனி எல வெசமாகிப் போகும்லா,
அதுனால தவிடு மட்டும்.
தள்ள செத்த குட்டியில்லியா,
எனக்குக் கஞ்சி இல்லாட்டாலும்
அதுக்கு மூணு நேரம்."

மூணு நேரம்.
பேனா அங்கே நின்றுவிட்டது.
ஏறிய உப்புக்கு ஈடுகட்ட
உடம்பு தன் எலும்பையே
அடகு வைத்திருக்கிறது,
வேளைக்குக் கொஞ்சமாக.

"பாலுக்கு ரெண்டு சொட்டு ஆசிட் விட்டா
விடியுமுன்ன கட்டியா ஒறஞ்சுரும்.
இதுக்கு அப்பிடி ஒண்ணும் இல்லியா டாக்டரே?"

இருக்கிறது என்றேன்.
ஊசி. சிப்பிப் பொடி. முருங்கை இலை.
உச்சி வெயிலில் ஒரு மணிக்கூர்.
விடியுமுன் ஆகாது,
மாசக்கணக்காகும்.
ஆகாமலும் போகலாம் என்பதை
மருந்து உறிஞ்சும் சிரிஞ்சிடம் சொன்னேன்.

"எதுனால வந்துச்சு?"

மழை ஓட்டில் விழத் தொடங்கியிருந்தது.
இன்று பால் வெட்டினவர்களுக்கெல்லாம் நட்டம்.
"தவிட்டைக் குறைக்கணும்" என்றேன்,
சீட்டைப் பார்த்துக்கொண்டு.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை.
தன் கையையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
பிறகு சேலை முந்தியை மடித்து
அந்தத் தாடைக்குக் கீழே கொடுத்து,
நிறைந்த சிரட்டையை மரத்திலிருந்து எடுப்பதுபோல்
சிந்தாமல் தூக்கினாள்.

போகிற போக்கில் குட்டி
என் சீட்டின் மூலையைக் கவ்வியது.
இழுத்துப் பார்த்தேன்,
முழுசாக வந்தது.
ஒரு பல்லும் பதியவில்லை.
எழுத்து மட்டும் நனைந்து
'தவிடு' என்ற இடத்தில்
மை பரவியிருந்தது.