ஆறாம் எண் மைக்ராஸ்கோப்

வெங்காயத்தின் மூன்றாம் செதிலை
உள்பக்கமாக ஒடித்தால்
கூடவே உரிந்து வரும் ஒரு தோல்.
காற்றுப் பட்டாலே சுருண்டுகொள்ளும்.
தண்ணீரில் விரித்து, அயோடின் ஒரு சொட்டு.
பிறகு கவர் ஸ்லிப்பை விளிம்பில் நிறுத்தி
ஊசியால் தாங்கி
சாய்த்து, சாய்த்து, இன்னும் கொஞ்சம் சாய்த்துப்
படுக்க வைக்கவேண்டும்.

நாற்பது ஸ்லைடு செய்துவிட்டேன்.
ஒன்றிலும் குமிழி இல்லை.

மணி நான்கு. ரேடியோவில்
புயலுக்கு இரண்டாம் எச்சரிக்கை.
நாளை காத்ர்-போர்னில் பள்ளி கிடையாது,
செய்முறைத் தேர்வும் கிடையாது.
மிஸ் வலாய்டோன் போனில் சொன்னார்:
எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள், மூத்தூசாமி,
எப்படியும் காய்ந்துபோகும்.

கழுவுவதுதான் என் வேலை.
பதினெட்டு வருஷமாக
பிள்ளைகள் பார்த்து முடித்த செல்களை
இந்தக் குழாயடியில் விட்டிருக்கிறேன்:
கரும்புத் தண்டின் குறுக்குவெட்டு,
ரியோ இலையின் ஊதா அடித்தோல்,
போன வாரம் கோவிலென் சினாப்பெனின் கன்னம்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன் அவன்.
கோர்-தெ-கார்த் மலைப்படி இறங்கி
நாலு நாள்கூட ஆகவில்லை.
வேல் போன துளைக்கு ஓர் அங்குலம் தள்ளிப்
பல்குச்சியால் பயந்து பயந்து சுரண்டினான்.
மெத்திலீன் நீலத்தில் அவன் செல்கள்
கசங்கிய கைக்குட்டைகளாய்க் கிடந்தன,
ஆளுக்கொரு உட்கருவோடு.
அந்த ஓர் அங்குலத்துக்கு அப்பால்
லென்ஸ் எதுவும் குனிந்து பார்க்காத இடத்தில்
இவற்றின் உடன்பிறப்புகள் இரண்டிரண்டாய்ப் பிரிந்து
துளையை அடைத்துக்கொண்டிருந்தன.

வேலை தெரிந்த செல்களை எனக்குப் பிடிக்கும்.
சைலம், தண்ணீர் ஏற வழி வேண்டுமென்று
உள்ளே இருந்ததையெல்லாம் காலிசெய்து
செத்துக் குழாயானது.
சிவப்பணு, ஆக்சிஜனுக்கு இடம் போதாமல்
உட்கருவையே வெளியே தள்ளியது.
இதெல்லாம் கழுவும்போது கேட்டது.
படித்தும் இருக்கிறேன்,
தேறவில்லை.

இதே லாப். இதே ஆறாம் எண்.
பெரிய திருகு இரண்டு சுற்று வீணாய்ச் சுற்றும்,
அன்றும் சுற்றியது.
பதினாறு வயதில் என் கண்ணுக்கு வந்தது ஒரு வட்டம்:
தடித்த கறுப்பு விளிம்பு, நடுவில் வெளிச்சம்.
இவ்வளவு தெளிவாகத் தெரிவது
செல்லாகத்தான் இருக்கவேண்டும் என்று
பென்சிலைச் சீவிச் சீவி வரைந்தேன்.
விளிம்புக்கு அம்புக்குறி போட்டு: செல் சுவர்.
வெளிச்சத்துக்கு அம்புக்குறி போட்டு: உட்கரு.
பக்கத்து மேசைப் பையன்
லென்ஸ் பக்கமே போகவில்லை.
புத்தகத்தில் பார்த்த செங்கல் சுவரை நினைவிலிருந்து வரைந்தான்.
போர்-லூயியில் இப்போது பல் டாக்டர்.

என் தாளில் சிவப்பு மையில் ஒரே சொல்:
குமிழி.

முப்பத்தொன்பதைக் கழுவினேன்.
கடைசி ஸ்லைடின் கவர் ஸ்லிப்பை எடுத்துவிட்டு
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு
சாய்க்காமல்
பொத்தென்று போட்டேன்.

சின்ன லென்ஸ் முதலில். பிறகு அடுத்தது.
அடியிலிருக்கும் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
வரிசை வரிசையாய் வெங்காயம்,
மஞ்சளேறிய உட்கருக்கள் ஓரமாய் ஒதுங்கி.
அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது அது.
அதே கறுப்பு விளிம்பு.
அதற்கு மட்டும் வயசே ஆகவில்லை.

ஃபோகஸை ஒரு மயிரிழை மாற்றியபோது
வெளிச்சத்துக்குள் ஒரு ஜன்னல் வந்தது.
இந்த லாபின் ஜன்னல்.
நாலு சட்டம், ஒன்றுக்குப் பலகை அடித்தாயிற்று.
மீதி மூன்றில், கடுகில் பாதி அளவுக்கு,
வாசல் மாமரம் ஆடிக்கொண்டிருந்தது.
முதல் தடவையும் இருந்திருக்கும்,
நான்தான் உட்கருவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

யாரோ விட்டுப்போன பென்சில் ஒன்று கிடந்தது.
வரைந்தேன், ஜன்னலோடு.
அம்புக்குறி ஒன்றே ஒன்று போட்டு
அதன் நுனியில் எழுதினேன்:
காற்று.

வெளியே அது
பலகையை இடிக்கத் தொடங்கியிருந்தது.