இரண்டு வீதம்

துப்பச் சொன்னாள் மெர்லின்.
பெர்த்திலிருந்து கொண்டுவந்த குழாயை
டச்பார் பட்டறையில், வெல்டிங் மேசைமேல் வைத்து
அரைமணி நேரம் வெற்றிலை போடாதே என்றாள்.
பொறுத்திருந்து துப்பினேன்.

நாங்கள் பரேத்து.
பிறப்புச் சான்றிதழில் பரெட்டு,
அப்பாவின் காணி உறுதியில் பறேத்தோ,
பள்ளிக்கூடத்தில் பரட்டை:
இடாப்புக் கூப்பிடும்போது
வகுப்பே தன் தலையைத் தடவும்.

மூன்று மாதத்தில் வாட்சப்பில் வந்தது முடிவு.
போர்த்துக்கல் இரண்டு வீதம்.
மிச்சமெல்லாம் இந்தக் கரை.
மெர்லின் இரண்டு நாள் பேசவில்லை.

கப்பலால் இறங்கினவன் ஒருவன்.
அவனைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்தவர்கள்
எத்தனை பேரோ.
கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில்
அவனுக்கு முழுப்பெயர், கையொப்பம், தொழில் தச்சன்.
பக்கத்தில் 'இவ்வூர்ப் பெண்'.
அடுத்த பக்கத்திலும் 'இவ்வூர்ப் பெண்'.

போன கிழமை கொக்கட்டிச்சோலையில்
ஒரு வீட்டுக்குக் கேற் பூட்டப் போனேன்.
பெயர் கேட்டாள் வீட்டுக்காரி. சொன்னேன்.
"அது தகப்பன்ட பேர். தாய் என்ன குடி?"
வாயில் ஆணி இருந்ததுபோல் நின்றேன்.

கேற்றில் என்ன பெயர் போட என்றேன்.
சீதன வீடு, தாய் தந்தது;
"நல்லநாச்சி" என்றாள்.
எப்படி எழுதுவது என்று
கேட்கத் தேவையிருக்கவில்லை.