நிலுவை

சலீமாவின் முகம் எனக்குத் தெரியாது.
குரல் தெரியும். மேட்டுப்பாளையத்து வெயிலில்
காயப்போட்டு எடுத்த குரல்.
காலை பத்தேகாலுக்கு வரும்:
"மேடம், ஜூலை பில்லு."
ஜூலை பில்லைப் பற்றி நாங்கள்
நவம்பரில் பேசிக்கொள்வோம்.

ஆறு வருடம் இப்படி.
கோத்தகிரியில் நாற்பது படுக்கை,
அதற்கொரு ஸ்டோர் ரூம், ஸ்டோர் ரூமுக்கு நான்.
கையுறை, காஸ், சலைன், ஊசி
எல்லாம் அவள் அடிக்கும் ரசீதோடு
கடைசி பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
மலையேறி வரும்.
குளிர் வேண்டியவை மட்டும் தெர்மாகோல் பெட்டியில்.
பெட்டி அவர்களுடையது, திருப்ப வேண்டும்.
வெறும் பெட்டியை எப்படி அனுப்ப என்று
ஒருமுறை கேரட் வைத்தேன், இலையோடு.
மறுநாள் "ஜூலை பில்லு"க்கு முன்னால்
அரை நொடி தயங்கினாள்.
அவ்வளவுதான் நன்றி.

புது அட்மினிஸ்ட்ரேட்டர் வந்ததும்
தண்டபாணி ஏஜென்சீஸ் என்று எழுதிய கடிகாரத்தைக்
கழற்றச் சொன்னார்.
சப்ளையரிடம் எதுவும் வாங்கக் கூடாது,
கொடுக்கவும் கூடாது.
சரிதான். தீபாவளி இனிப்பின் அடியில்
கையுறையின் விலை ஒட்டியிருக்கும் என்று
எனக்கும் தெரியும்.
கேரட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
கடிகாரம் இருந்த சுவரில் வட்டமாக ஒரு வெளுப்பு.
நாங்கள் இன்னும் அங்கேதான் மணி பார்க்கிறோம்.

ஐப்பசி கடைசி. குஞ்சப்பனைக்கு மேலே
மண் சரிந்து பாதிச் சாலை போயிற்று.
அன்றைக்கென்று செம்மனாரையிலிருந்து
மருதியைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள்.
கண்ணாடி விரியன்.
என்னிடம் விஷமுறிவு ஆறு குப்பி.
டாக்டர் பத்து கேட்டார்,
பத்தோடு நிற்காது என்றும் சொன்னார்.
கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடமாகியும்
அவள் ரத்தம் உறையாமல்
தண்ணீர்போல் சாய்ந்து சாய்ந்து ஆடியது.

நிலுவை நூற்றுப் பன்னிரண்டு நாள்.
தொண்ணூறு தாண்டினால் சரக்கு இல்லை,
அது அவர்கள் முதலாளியின் சட்டம்.
முதல்முறையாக நான் அவளை அழைத்தேன்,
இரவு எட்டரைக்கு.
பின்னால் குக்கர் விசில், ஒரு குழந்தையின் வாய்ப்பாடு.
"எத்தனை?" என்றாள்.
"உங்க முதலாளி..." என்று இழுத்தேன்.
"சாவி எங்கிட்ட இருக்கு."

மண்டியில் முட்டைக்கோசு இறக்கிவிட்டு
குன்னூர் சுற்றி வெறுமனே ஏறிய பிக்கப்பில்
நள்ளிரவு தாண்டி வந்தது பெட்டி.
இருபது குப்பி. பனிக்கட்டி பாதிகூட உருகவில்லை.

மருதி பதினோராம் நாள் நடந்து போனாள்,
ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு.

ஸ்டாக் புத்தகத்தில்
வரவு இருபது என்று எழுதினேன்.
ஆர்டர் எண் என்ற கட்டத்தில்
எழுத ஒன்றுமில்லை.
அட்மினிஸ்ட்ரேட்டர் அந்தக் காலிக் கட்டத்தை
வெகுநேரம் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்,
திறந்து கையெழுத்துப் போட்டார்.
ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் சேர்த்து
காசோலை அன்றே கிளம்பியது.

திங்கட்கிழமை பத்தேகாலுக்கு ஓர் ஆண்குரல்:
"மேடம், செப்டம்பர் பில்லு."
சலீமா எங்கே என்றேன்.
லீவு என்றான். எத்தனை நாள் என்றேன்.
"அது தெரியலைங்க."

நேற்று தபாலில் ரசீது.
குப்பி இருபது, பழைய விலைதான்.
தாமத வட்டி தனியே, பைசா சுத்தமாக.
அடியில் நீல மையில் ஒரு வரி:
பெட்டி இன்னும் வரவில்லை.

யார் எழுதியது?
ஆறு வருடத்தில் எல்லாமே பிரிண்ட்,
அவள் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை.

பெட்டி என் மேசைக்கடியில் இருக்கிறது,
கழுவிக் காயவைத்து.
கடைசி பஸ் ஆறேமுக்காலுக்கு.
வெளுத்த வட்டத்தைப் பார்க்கிறேன்.
மார்க்கெட் போய்வர நேரமிருக்கிறது.