நூற்று முப்பது கிலோ வரை

சர்ஜாபூர் சாலைக் கடையில்
பிளாஸ்டிக் புல்லின் மேல் ஏழு நாற்காலிகள்.
பக்கத்தில் விரித்த கூடாரத்துக்குள்
யாருடைய பிள்ளையோ புகுந்துகொண்டு
வெளியே வர மாட்டேன் என்கிறது.

எல்லோரும் நிறம் பார்க்கிறார்கள்.
நான் குனிந்து
இருக்கைக்கு அடியில் தைத்த துணிச்சீட்டைப் படிக்கிறேன்.
நூறு கிலோ.
நூற்றுப் பத்து.
இன்னொன்றில் சலவைக் குறிகள் மட்டும்.
என் எண்ணை இங்கே எழுதப்போவதில்லை.
நூறுக்கு இந்தப் பக்கம் இல்லை, அது போதும்.

ஆறு வருடம் முன்பு அல்சூரில் ஒரு வரவேற்பு.
வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி.
பின்கால் ஒன்று மெதுவாக, மிக மெதுவாக
வெளிப்பக்கம் விரிந்ததை
விழுவதற்கு முன்பே தொடையில் உணர்ந்தேன்.
கையிலிருந்த பாதாம் பால் சிந்தவில்லை.
அதைத்தான் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்,
நானும்.

அன்றிலிருந்து நான் முழுதாக உட்கார்ந்ததில்லை.
அலுவலகத்தில், தியேட்டரில், பல் டாக்டரிடம்
பாதி எடையை நாற்காலிக்குக் கொடுத்து
மீதியைப் பாதத்தில் வைத்துக்கொள்வேன்,
அடகுக்கடையில் எல்லாவற்றையும் கழற்றியவள்
மூக்குத்தியை மட்டும் வைத்துக்கொள்வதுபோல.

‘கூத்கொள்ளி மேடம்’ என்கிறான் கடைப்பையன்.
சட்டையில் பெயர்: லிகித்.
பதினெட்டு வருடமாய் இந்த ஊரில் இருக்கிறேன்.
உட்காருங்கள் என்றுதான் அர்த்தம்.
இருந்தும் என் காதில்
கூத்தும் கொள்ளியுமாய்த்தான் விழுகிறது.

முதலாவது தரையோடு தரை.
முழங்கால் முகவாய்க்கு வந்தது.
உட்காருவது யாருக்கும் வரும்;
எழுந்திருக்க விடுகிறதா என்பதில்தான்
நாற்காலியின் குணம்.
லிகித் கை கொடுத்தான்.
இரண்டாவதற்குக் கைப்பிடிகள் நெருக்கம்,
பேருந்தில் மூன்றாவது ஆளாய்ச் சொருகினதுபோல்.
மூன்றாவதன் முன்கம்பி
தொடைக்கு அடியில் கோடு கிழித்தது.
நான்காவது சாயும், கால் நீட்டும்,
இருக்க இடம் கொடுத்தால் படுக்க இடம் கேட்கும் ரகம்.
ஆற்றங்கரை மணலில் அதை யார் சுமப்பது?
ஐந்தாவதில் கோப்பை வைக்க வலைப்பை இருந்தது.
வேறொன்றும் இல்லை.

‘எங்கே மேடம் கேம்ப்பிங்?’
பீமேஸ்வரி பக்கம். ஆபீசில் பதினோரு பேர்.
நெருப்பு மூட்டுவார்கள். ஷைலஜா கிதார் கொண்டுவருகிறாள்.
மடக்கு ஸ்டூல்களை வட்டமாய்ப் போடுவார்கள்.
நான் முட்டிவலி என்று சொல்லி
மரத்தில் சாய்ந்து நிற்பேன், போன முறைபோல.
(முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. பாவம்,
இத்தனை வருடமாய்ப் பழி சுமக்கிறது.)

ஆறாவது சாம்பல் நிறம். அழகில்லை.
கால்களுக்கு அகலமான ரப்பர்த் தட்டுகள்,
ஈர மண்ணில் புதையாதிருக்க.
நூற்று முப்பது கிலோ வரை.
லிகித் சீட்டையும் படிக்கவில்லை, என்னையும் அளக்கவில்லை.
‘பத்து நிமிஷம் இருங்க. ரெண்டு செகண்ட்ல ஒண்ணும் தெரியாது’
என்றுவிட்டு சைக்கிள் கேட்டு வந்தவரிடம் போய்விட்டான்.

பத்து நிமிடம்.
முதலில் தொடையைத் தளர்த்தினேன்.
துணி ஒரு முனகல் முனகி, நின்றது.
பிறகு இடுப்பு.
பிறகு, கேட்டால் சிரிப்பீர்கள், தாடை.
எங்கெங்கெல்லாம் பிடித்து வைத்திருந்திருக்கிறேன் என்னை!

பிள்ளை கூடாரத்தின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி
ஒரு கண்ணால் பார்த்தது.
நான் பாதங்களைத் தூக்கிக் காட்டினேன்,
இரண்டையும், ஒரே நேரத்தில்.
ஜிப் மூடிக்கொண்டது.

ஏழாவதை நான் பார்க்கவே இல்லை.

ஆட்டோவில் நீளப் பைக்குள் சுருண்டு
என் தோளில் சாய்ந்து வந்தது.
அகரா சிக்னலில் எல்லாம் நின்றபோது
குனிந்து பார்த்தேன்:
என் குதிகால்கள் ஆட்டோவின் தகரத்தை
அழுத்திக்கொண்டுதான் இருந்தன.

‘என்ன மேடம், கிரிக்கெட் கிட்டா?’
ஆமாம் என்றேன்.
‘பேட்டிங்கா, பௌலிங்கா?’
‘அம்பயர்.’

கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு
கியரைத் தட்டினார்.
‘நாள் முழுக்க நிக்கணுமே, மேடம்.’